மின்சாரத்துக்கு முன்னால் வெப்பம்: மரக்கழிவு வாயுவாக்கம் கற்றுத்தந்த கணக்கு

அறுவை ஆலைக்குள் நுழையும் ஒரு தடியில் ஏறத்தாழப் பாதிதான் பலகையாக வெளியே வருகிறது. மீதிப் பாதி பட்டையாகவும் விளிம்புத் துண்டாகவும் சில்லாகவும் தூளாகவும் உதிர்ந்துபோகிறது. பலகையை இழைத்தால் சுருள், பிளைவுட் உரித்தால் மிஞ்சும் நடுத்தண்டு, மேசை நாற்காலி செய்தால் மாவு போன்ற பொடி என ஒவ்வொரு படியிலும் மரம் கொஞ்சம் கழிவாகிறது. இதை எரிபொருளாகப் பார்ப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் அந்த ஆலையின் தேவை என்ன என்பதை அதே கண்ணோடு பார்ப்பவர்கள் குறைவு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர். அதைப் போக்காமல் நல்ல பலகையை விற்க முடியாது. சூளையில் உலர்த்தும் ஆலைகளில் வாள்களைச் சுழற்றும் மின்சாரத்தைவிட, உலர்த்தும் அறைகளுக்குப் போகும் வெப்பமே பல மடங்கு அதிகம். ஆக, கழிவும் வெப்பத் தேவையும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. அப்படியிருந்தும் மரத்தை வாயுவாக்கும் தொழில்நுட்பத்தைக் கடந்த நாற்பதாண்டுகளில் பெரும்பாலோர் ஒரு மின் உற்பத்தி முறையாகவே அறிமுகப்படுத்தினார்கள். வெப்பத்தைப் பக்க விளைவாகச் சொன்னார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். எங்கெல்லாம் வாயு முதலில் வெப்ப வேலைக்குப் போனதோ அங்கெல்லாம் அது ஆண்டுக்கணக்கில் நின்றது. எங்கெல்லாம் மின்சாரமோ மீத்தேனோ தனியே செலவைத் தாங்க வேண்டியிருந்ததோ அங்கெல்லாம், பொறியியல் வெற்றிபெற்ற பிறகும்கூட, ஆலையை மூட வேண்டிவந்தது.

முதலில் செயல்முறை. மரம் முழுமையாக எரியத் தேவைப்படும் காற்றில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் கொடுத்தால், அது எரிந்து முடியாமல் பாதியில் நிற்கிறது. ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. பிறகு வெப்பத்தில் மரம் சிதைந்து ஆவியும் கரியுமாகப் பிரிகிறது. ஒரு பகுதி எரிந்து வெப்பம் தருகிறது. அந்த வெப்பத்தில் சூடான கரி, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. வெளியே வருவது எரியக்கூடிய வாயு. ஆனால் அது மெலிந்த வாயு. காற்றைக் கொண்டு செய்தால் அதில் பாதி நைட்ரஜன். ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதற்குச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜன். மீத்தேன் மிகக் கொஞ்சம். ஒரு கன மீட்டரில் சுமார் 5 மெகாஜூல் ஆற்றல் இருக்கும். இயற்கை எரிவாயுவில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு நிலவிய ஐரோப்பாவில் லட்சக்கணக்கான கார்களும் லாரிகளும் இந்த வாயுவில்தான் ஓடின. ஜார்ஜ் இம்பெர்ட் வடிவமைத்த, வாயு கீழ்நோக்கி இறங்கும் உலைகள் அவற்றின் பின்புறத்தில் பொருத்தப்பட்டிருந்தன. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் அவை சில ஆண்டுகளில் மறைந்தன. மரவாயுவின் வரலாற்றில் இதுவே திரும்பத் திரும்ப நடப்பது: வேறு வழியில்லாதபோது வருகிறது, வழி பிறந்ததும் போகிறது. நிலையாகத் தங்கிய இடங்கள் எவை, ஏன் தங்கின என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

மின்சாரத்தை முன்னிறுத்துவோரின் வாதம் வலுவற்றதல்ல. மரத்தை நேராகக் கொதிகலனில் எரித்து நீராவி எடுத்து டர்பைன் சுற்றினால், பெரிய நிலையங்களில் நல்ல திறன் கிடைக்கும். ஆனால் ஓரிரு மெகாவாட் அளவுக்கு இறங்கினால் மரத்தின் ஆற்றலில் 10 முதல் 15 சதவீதம்தான் மின்சாரமாகிறது. மரக்கழிவோ இயல்பிலேயே சிதறிக் கிடப்பது. எடைக்கு ஆற்றல் குறைவு. தொலைதூரம் ஏற்றிச் சென்றால் வண்டிக்கூலியே விலையை விழுங்கிவிடும். எனவே சிறிய அளவில் திறமையாக மின்சாரம் எடுக்கும் வழி தேவை. வாயுவாக்கி, கேசிஃபயர், அந்த வழியைத் தருகிறது. வாயுவைக் குளிர்வித்துச் சுத்தம் செய்து எஞ்சினுக்குக் கொடுத்தால், சில நூறு கிலோவாட் அளவிலேயே 20 முதல் 30 சதவீதம் வரை மின்சாரம் எடுக்கலாம். சுமார் ஒரு கிலோ உலர்ந்த மரத்துக்கு ஒரு யூனிட் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. காகிதத்தில் இது நீராவி முறையைவிட இரட்டிப்பு. அரசுகள் இதற்குச் சிறப்புக் கட்டணம் கொடுத்ததற்கும், பல்கலைக்கழகங்கள் இதில் முழுமூச்சாக உழைத்ததற்கும் இந்த எண்தான் காரணம். அந்தக் கணக்கில் விடுபட்டது, வாயுவைக் குளிர்விப்பதற்கும் சுத்தம் செய்வதற்கும் ஆகும் செலவு.

அந்தச் செலவின் பெயர் தார். மரம் சிதையும்போது ஃபீனால், நாஃப்தலீன் போன்ற நூற்றுக்கணக்கான கனமான சேர்மங்கள் ஆவியாக எழுகின்றன. வாயு சூடாக இருக்கும்வரை அவையும் ஆவியாகவே இருக்கும்; எரித்தால் அவையும் எரிந்து வெப்பம் தரும். வாயு குளிர்ந்தால் அவை குழாய்ச் சுவரிலும் வால்விலும் வடிகட்டியிலும் கருங்குழம்பாகப் படிகின்றன. மரம் மேலிருந்து இறங்க, வாயு அதற்கு எதிராக மேலேறும் உலையில் ஒரு கன மீட்டருக்கு 100 கிராம் வரை தார் இருக்கும். கொதிக்கும் நீர்போல மணல் புரளும் படுகை உலையில் சுமார் 10 கிராம். வாயுவும் மரத்தோடு கீழிறங்கி, 1000 டிகிரிக்கு மேற்பட்ட கழுத்துப் பகுதி வழியாகச் செல்லும் உலையில் 1 கிராம் அளவு. எஞ்சின் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும் அளவோ 100 மில்லிகிராம். முதல் வகை உலையின் வாயுவை எஞ்சினுக்கு ஏற்றதாக்க, அதிலுள்ள தாரை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். தண்ணீரில் கழுவினால் தார் தண்ணீருக்குள் போகிறது. அந்தத் தண்ணீர் நச்சுக் கழிவாகிறது. அதைச் சுத்தம் செய்ய இன்னொரு ஆலை வேண்டும். வாயுவாக்கத் திட்டங்களின் செலவிலும் பழுதிலும் பெரும்பகுதி உலையில் ஏற்படுவதல்ல. உலைக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரத்தில் ஏற்படுவது.

மரத்தொழில் கழிவுக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. தார் மிகக் குறைவாக வரும் கீழிறங்கு உலைக்கு, விரல் பருமனுக்கு மேற்பட்ட, ஓரளவு சீரான, 20 சதவீதத்துக்குள் ஈரமுள்ள துண்டுகள் வேண்டும். துண்டுகளுக்கிடையே வாயு ஓட இடைவெளி இருந்தால்தான் அது இயங்கும். மரத்தூளைக் கொட்டினால் இடைவெளி அடைபடும். சில இடங்களில் வாயு ஓட்டை போட்டுக்கொண்டு பாயும், மற்ற இடங்கள் குளிர்ந்துபோகும், தார் பெருகும். பட்டையில் மண்ணும் மணலும் ஒட்டியிருப்பதால் சாம்பல் உருகிக் கட்டிதட்டும். அதாவது, ஆலையில் உண்மையிலேயே மலிவாகக் குவியும் தூளும் பட்டையும் அந்த உலைக்கு ஆகாது. ஆகக்கூடிய நல்ல சில்லுக்கோ மரக்கூழ் ஆலையும் பலகை ஆலையும் விலை கொடுக்கத் தயாராக நிற்கின்றன. தூளை அழுத்திக் குறுணையாக்கலாம். குறுணையான பிறகு அது கழிவல்ல, சந்தைச் சரக்கு. தூளையும் பட்டையையும் அப்படியே ஏற்கும் உலை மணற்படுகை உலை. அது சிறிய அளவில் கட்டுப்படியாகாது, தாரும் அதிகம். சிறியது எளியது என்று பரவியிருக்கும் எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது.

இந்த இரண்டு சிக்கல்களையும் தீர்க்காமலே, தீர்க்க வேண்டிய தேவையே எழாத இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த காலத்தில், மேற்குக் கடற்கரையிலுள்ள பியெத்தர்சாரி நகரின் மரக்கூழ் ஆலையில், 1983இல், 35 மெகாவாட் மணற்படுகை வாயுவாக்கி ஒன்று இயங்கத் தொடங்கியது. பட்டையும் தூளும் அதன் தீனி. அதன் வாயு எஞ்சினுக்கும் போகவில்லை, டர்பைனுக்கும் போகவில்லை. ஆலையின் சுண்ணாம்புச் சூளைக்குப் போனது. மரக்கூழ் தயாரிப்பில் சுண்ணாம்பைத் திரும்பத் திரும்பச் சுட்டுப் பயன்படுத்த வேண்டும். அதற்கு 1000 டிகிரிக்கு மேல் சீரான நீண்ட சுவாலை வேண்டும். அதுவரை அதற்கு எண்ணெய்தான் எரிந்தது. பட்டையை அப்படியே சூளைக்குள் போட்டால் அதன் சாம்பலிலுள்ள அன்னியப் பொருள்கள் பெருமளவில் சுண்ணாம்பில் கலந்துவிடும். ஈரமும் அளவு வேறுபாடும் சுவாலையை நிலைகுலைக்கும். வாயுவாக்கினாலோ சாம்பலில் பெரும்பகுதி முன்னதாகவே பிரிகிறது. வாயு குளிராமலே சூளையை அடைவதால் தார் ஒரு தொல்லையாக இல்லாமல் எரிபொருளாகவே எரிகிறது. ஸ்வீடனிலும் போர்ச்சுகலிலும் இதே வகை உலைகள் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அமைந்தன. 1986இல் எண்ணெய் விலை சரிந்ததும் புதியவை எழவில்லை. ஆனால் எண்ணமும் வடிவமைப்பும் அழியவில்லை. 2012இல் ஃபின்லாந்தின் யோத்சேனோ மரக்கூழ் ஆலை 48 மெகாவாட் பட்டை வாயுவாக்கியால் தன் சூளையில் இயற்கை எரிவாயுவுக்கு விடைகொடுத்தது. 2017இல் ஆனகோஸ்கியில் எழுந்த பெரிய மரக்கூழ் ஆலையிலும் பட்டை வாயுவே சுண்ணாம்பைச் சுடுகிறது. அந்த ஆலை இயல்பான இயக்கத்தில் புதைபடிவ எரிபொருள் இல்லாமல் நடக்கும்படி திட்டமிடப்பட்டது.

லாத்தி நகரத்தின் அனுபவம் இதே தர்க்கத்தை மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறது. ஃபின்லாந்தின் மேசை நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன அந்த ஊரில், கிமியார்வி நிலையத்தின் நிலக்கரிக் கொதிகலன் நகரத்துக்கு மின்சாரமும் வெந்நீர்க் குழாய் வழியே வீட்டு வெப்பமும் கொடுத்துவந்தது. 1998இல் அதன் பக்கத்தில் ஒரு மணற்படுகை வாயுவாக்கியை நிறுவி, வாயுவைச் சுத்தம் செய்யாமல், சூடாகவே கொதிகலனின் அடியில் எரித்தார்கள். பட்டை, சில்லு, தூளோடு பிளைவுட், துகள் பலகைக் கழிவும், பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளும்கூட அதற்குள் போயின. வாயுவின் ஆற்றல், ஈரத்தைப் பொறுத்து, 40 முதல் 70 மெகாவாட். கொதிகலனின் எரிபொருளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஒரு நாள் நல்ல கழிவு கிடைக்காவிட்டால் நிலக்கரியைக் கூட்டிக்கொள்ளலாம். வாயுவாக்கி நின்றாலும் நகரம் குளிரில் வாடாது. இந்தத் தாங்கும் வசதி எளிதாகக் கவனத்துக்கு வராது. ஆனால் தனியே நிற்கும் சிறு நிலையங்களுக்கு இல்லாதது அதுவே. 2012இல் அதே வளாகத்தில் 160 மெகாவாட் அளவில் கிமியார்வி 2 வந்தது. அது தரம் பிரித்த குப்பை எரிபொருளை வாயுவாக்கி, சுமார் 400 டிகிரிக்குக் குளிர்வித்து, வடிகட்டியில் குளோரினையும் உலோகங்களையும் பிடித்துவிட்டு, தார் ஆவியாக இருக்கும்போதே எரிக்கிறது. அதிலிருந்து 50 மெகாவாட் மின்சாரம். 90 மெகாவாட் வெப்பம். எதைப் பிடிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெளிந்த வடிவமைப்பு இது. 2019இல் லாத்தி நிலக்கரியை முற்றாக விட்டது.

எஞ்சின் வழி சென்றவர்களில் நீடித்தவர்களைப் பார்த்தாலும் வெப்பமே முன்னே நிற்கிறது. டென்மார்க்கின் மேற்குக் கடலோரச் சிற்றூரான ஹார்பூரவில் 1993இல் சுமார் 3.7 மெகாவாட் உலை ஒன்று தொடங்கியது. தார் மிகுந்த, ஆனால் ஈரச் சில்லை அப்படியே ஏற்கும் மேலேறு உலை. முதல் ஆண்டுகளில் அது ஊரின் வெந்நீர்க் குழாய்களுக்கு வெப்பம் மட்டுமே கொடுத்தது. எஞ்சின்கள் சேர 2000 வரை ஆனது. இடைப்பட்ட காலம் முழுவதும் தாரையும் கழிவுநீரையும் அடக்குவதில் கழிந்தது. அவர்கள் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது: பிரித்தெடுத்த கனத்த தாரை ஒரு தொட்டியில் சேமித்து, கடுங்குளிரில் வெப்பத் தேவை உச்சத்துக்கு ஏறும்போது எண்ணெயாக எரிக்கிறார்கள். கழிவின் கழிவுக்கும் ஒரு வெப்ப வேலை கிடைத்துவிட்டது. அந்த உலை 1 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஏழாண்டுகள் மின்சாரம் இல்லாமல் அந்த நிலையத்தால் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம், அந்தக் காலம் முழுவதும் வெப்பத்துக்குப் பணம் கொடுக்கும் வீடுகள் இருந்ததே. மின்சாரம் விற்றால்தான் கடன் கட்ட முடியும் என்ற நிலையில் இருந்திருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே கதை முடிந்திருக்கும்.

இனி ஆஸ்திரியாவின் கீசிங். இந்தத் துறையில் உலகமே வந்து பார்த்த ஊர் அது. ஹங்கேரி எல்லைக்கருகில் சுமார் 4000 பேர் வாழும் ஏழைப் பகுதி. வேலைக்காக இளைஞர்கள் வெளியூர் போனார்கள். ஊரின் பணம் எரிபொருளுக்காக வெளியே போனது. 1990இல் நகர்மன்றம் புதைபடிவ எரிபொருளைக் கைவிட முடிவெடுத்தது. பொறியாளர் ரைன்ஹார்ட் கோக்கும் மேயர் பேட்டர் வடாஷும் அதை நடத்திக்காட்டினார்கள். 1996இல் மரம் எரித்து ஊருக்கு வெப்பம் தரும் குழாய்த் திட்டம் வந்தது. 2001இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஹோஃப்பவுவர் உருவாக்கிய வாயுவாக்கி இயங்கத் தொடங்கியது. அது இரண்டு அறை கொண்டது. ஒன்றில் நீராவியில் மரம் வாயுவாகிறது. மிஞ்சும் கரி மற்ற அறையில் காற்றில் எரிகிறது. சூடான தாதுமணல் இரண்டுக்கும் இடையே வெப்பத்தைச் சுமந்து சுழல்கிறது. காற்று வாயுவோடு கலக்காததால் நைட்ரஜன் இல்லை, ஆற்றல் இரட்டிப்பு. தாரைக் கழுவத் தண்ணீருக்குப் பதில் கடுகு வகை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். அழுக்கான பிறகு அதையும் எரியறைக்கே அனுப்பினார்கள். 8 மெகாவாட் மரத்திலிருந்து 2 மெகாவாட் மின்சாரமும் 4.5 மெகாவாட் வெப்பமும் கிடைத்தன. தொடக்கச் சிக்கல்கள் தீர்ந்ததும் ஆண்டுக்குச் சுமார் 7000 மணி நேரம் ஓடியது. மலிவான வெப்பத்தை நம்பி மரத்தளப் பலகை ஆலைகள் ஊருக்கு வந்தன, வேலைவாய்ப்பு வந்தது. 2009இல் மீத்தேன் தயாரிக்கும் சோதனையும் வெற்றிபெற்றது.

அந்த வாயுவாக்கி 2016இல் நின்றுவிட்டது. உலை பழுதானதால் அல்ல. மின்சாரத்துக்கு அரசு உறுதியளித்த சிறப்புக் கட்டணக் காலம் முடிந்தது. அதற்குள் மரவிலை ஏறியிருந்தது. ஏற்றியவர்களில் இதே போன்ற மர ஆற்றல் திட்டங்களும் அடக்கம். இங்கே என் வாதத்துக்கு எதிரான கேள்வியை நேர்மையாக எழுப்ப வேண்டும்: கீசிங்கில் வெப்பத்துக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்களே, பிறகு ஏன் நின்றது? வெப்பத்தை விற்பது மட்டும் போதாது. அந்த வெப்பத்துக்கு வாயு தேவைப்பட வேண்டும். வீடுகளுக்குப் போகும் 90 டிகிரி வெந்நீரைச் சாதாரண மரக் கொதிகலனே தந்துவிடும், செலவோ பல மடங்கு குறைவு. வாயுவாக்கி, வடிகட்டி, கழுவி, எஞ்சின் என்று கூடுதலாகப் போட்ட முதல் முழுவதும் 2 மெகாவாட் மின்சாரத்துக்காகத்தான். அந்தக் கூடுதலைத் தூக்கி நிறுத்தியது அரசின் கட்டணம் ஒன்றே. கட்டணம் விலகியதும் கூடுதல் விழுந்தது. அடித்தளமான ஊர்வெப்பக் குழாய்த் திட்டமோ மரக் கொதிகலன்களோடு தொடர்கிறது. தோல்வி எதில், எதில் இல்லை என்று இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வகச் சோதனையாலும் காட்ட முடியாது. சுண்ணாம்புச் சூளையின் கதை இதற்கு நேர்மாறு: அங்கே வெப்பத்துக்கே வாயு வேண்டும், வாயுவின் செலவு நேரடியாக எண்ணெய்ச் செலவோடு மோதி வெல்கிறது.

இன்னும் மேலே ஏறியவர்களின் வீழ்ச்சி இன்னும் விரைவாக வந்தது. ஸ்வீடனின் வார்னமோவில் 1993இல் கட்டிமுடித்த நிலையம், மரத்தை உயரழுத்தத்தில் வாயுவாக்கி, எரிவாயு டர்பைனும் நீராவி டர்பைனும் சுற்றி, 18 மெகாவாட் எரிபொருளிலிருந்து 6 மெகாவாட் மின்சாரமும் 9 மெகாவாட் வெப்பமும் எடுத்தது. மூன்றில் ஒரு பங்கு மின்சாரம். அந்த அளவுக்கு அது சாதனை. சோதனைத் திட்டம் முடிந்ததும் 1999 வாக்கில் மூடப்பட்டது. மின்சந்தை விலையில் அதை ஓட்ட வழியில்லை. கோத்தன்பர்க்கின் கோபிகேஸ் ஆலை கீசிங் வடிவத்தைப் பெரிதாக்கி, 20 மெகாவாட் மீத்தேன் தயாரித்து 2014 டிசம்பரில் நகரத்தின் எரிவாயுக் குழாய்க்குள் அனுப்பத் தொடங்கியது. மரத்திலிருந்து குழாய் எரிவாயுவுக்கு இணையான வாயுவைத் தொழிலளவில், மாதக்கணக்கில் நிற்காமல் செய்ய முடியும் என்று நிரூபித்தது. 2018இல் நிறுத்தப்பட்டது. இயற்கை எரிவாயுவின் விலையோடு அது போட்டியிட முடியவில்லை. இந்த ஆலைகளைக் கட்டியவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அவர்களின் அறிவு வீணும் அல்ல. ஆனால் வாயுவிடம் ஒவ்வொரு கூடுதல் வேலையைக் கேட்கும்போதும் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சந்தை தருமா, மானியம் தருமா என்பதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் வாயுவாக்கமே எதற்கு, எல்லாக் கழிவையும் கொதிகலனில் எரித்துவிடலாமே என்பது இயல்பான மறுப்பு. பல ஆலைகளுக்கு அதுவே சரியான பதில் என்று ஒப்புக்கொள்கிறேன். பலகை உலர்த்த 60, 70 டிகிரி காற்று போதும். ஈரப் பட்டையையும் எரிக்கும் நல்ல கொதிகலன் அதை எளிமையாகத் தரும். வாயுவாக்கிக்கு உரிய இடம் குறுகியது, ஆனால் தெளிவானது. திட எரிபொருளின் சாம்பல் பொருளைக் கெடுக்கும் இடம். எண்ணெய், எரிவாயு பர்னர்கள் ஏற்கெனவே இருக்கும் உலை. உயர்வெப்பமும் சீரான சுவாலையும் வேண்டிய சூளை. கலப்படக் கழிவின் வாயுவை முன்னே வடிகட்டிவிட்டுப் பெரிய கொதிகலனில் எரிக்கும் நிலையம். இவற்றில் மரத்தை நேராக எரிப்பதால் முடியாததை வாயு செய்கிறது. இவற்றோடு இன்னொன்றும் சேரும்: ஆண்டு முழுவதும் வெப்பம் தேவைப்படும், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் மிக விலை உயர்ந்த இடம். ஜெர்மனியிலும் இத்தாலியின் தெற்கு டிரோலிலும் சில நூறு கிலோவாட்டுக்குள் அடங்கும் சிறு வாயுவாக்கிகள் பண்ணைகளிலும் சில்லு உலர்த்தும் களங்களிலும் ஓடுகின்றன. அவற்றிலும் பெரும்பாலானவை கட்டண ஆதரவில் பிறந்தவை. ஆனால் தன் வெப்பத்தாலேயே தன் எரிபொருளை உலர்த்தி, மிச்சத்தை விற்கும் இடங்களில் கணக்கு ஓரளவு நிற்கிறது.

மின்சாரம்தான் உயர்ந்த ஆற்றல் வடிவம், அதை வெப்பத்துக்குக் கீழே வைப்பது இயற்பியலுக்கே எதிரானது என்பார்கள். இயற்பியலில் அது சரி. ஆனால் கீசிங் தொடங்கிய 2001இல் சூரியத் தகடு அரிய பொருள். இன்று பல நாடுகளில் பகல் மின்சாரத்தை மிக மலிவாகத் தருவது அதுவே. சூளைக்கான 1000 டிகிரி சுவாலையைச் சூரியத் தகடு அவ்வளவு எளிதாகத் தராது. காலம் மாறியதில் மரத்தின் மின்சார மதிப்பு இறங்கியிருக்கிறது. வெப்ப மதிப்பு இறங்கவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது: மரக்கழிவு உண்மையிலேயே கழிவா? துகள் பலகை ஆலைக்குத் தூள் மூலப்பொருள். தமிழ்நாட்டில்கூட மரத்தூள் சூளைக்கும் கொதிகலனுக்கும் விலைக்குப் போகிறது. குப்பைமேட்டில் கிடப்பது குறைவு. ஒரு பலகையாகிப் பல ஆண்டுகள் கார்பனைத் தாங்கியிருக்கக்கூடிய தூளை இன்றே எரிப்பது நட்டம். மானியத்தின் வலுவில் ஆற்றல் ஆலை அதிக விலை கொடுத்து அதைப் பறித்தால், பலகை ஆலை காட்டை நோக்கித் திரும்பும். எனவே பலகைக்கு ஆகாத பட்டை, மண் கலந்த குப்பை, பசை கலந்த பழங்கழிவு ஆகியவையே ஆற்றலுக்கு உரியவை. அவையோ அழுக்கானவை, சுத்தமான சிறு எஞ்சின் நிலையத்துக்கு ஒவ்வாதவை, சூடான வாயுவாக எரிக்கும் பெரிய உலைக்கே பொருந்துபவை. பசையிலுள்ள நைட்ரஜனும், வண்ணப்பூச்சின் உலோகங்களும், செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய பதப்படுத்திய மரமும் கட்டுப்பாட்டுக் கருவியில்லாத கொல்லைப்புற உலைக்குள் போகவே கூடாது.

இந்திய அனுபவமும் இதே பக்கம் சாய்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் மேல் திறந்த கீழிறங்கு உலையைச் செம்மையாக வளர்த்தது. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் சில பத்து வீடுகள் கொண்ட ஹொசஹள்ளியில் 1988இல் 3.7 கிலோவாட் நிலையம் விளக்கும் குடிநீரும் கொடுத்தது. பத்தாண்டுகளுக்கும் மேல் உழைத்தது. ஆனால் மின்வாரியக் கம்பி கிராமங்களை எட்டிய பிறகு, மின்சாரம் மட்டுமே விற்ற இத்தகைய சிறு நிலையங்களுக்குக் கட்டணப் போட்டியில் நிற்க வலுவில்லை. அதே தொழில்நுட்பம் ஓசூரில் உலோக உதிரிப் பாகங்களைப் பதப்படுத்தும் உலைகளுக்குள் டீசலுக்கு மாற்றாகப் போனபோது வேறு கணக்கு எழுந்தது. டீசல் விலையேற்றமே அங்கே வாயுவாக்கிக்குக் கட்டணம் கட்டியது. அரசு கட்ட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் டீசலின் வெப்பத்துக்குச் சுமார் மூன்று அல்லது நான்கு கிலோ உலர்ந்த மரம் போதும். அந்த விலை வேறுபாட்டை எந்தக் கணக்காளரும் ஒரே பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம்.

ஆதரவுக் கொள்கையின் குறை இப்போது தெளிவாகிறது. பெரும்பாலான திட்டங்கள் யூனிட் மின்சாரத்துக்குப் பணம் கொடுத்தன. வெப்பம் வானத்துக்குப் போனாலும் தொகை குறையவில்லை. வெப்பத்துக்குத் தனியே மேல்தொகை தந்துவந்த ஜெர்மனி, 2012 சட்டத்தில் பொதுவாக 60 சதவீத வெப்பப் பயன்பாட்டை நிபந்தனையாக்கியது. பிந்தைய திருத்தத்தில் அதைத் தளர்த்தியது. இந்தியாவில் மரக்கழிவுக்கு உதவி வகுப்பவர்கள் மின்யூனிட்டை அளவுகோலாக வைக்காமல், எத்தனை லிட்டர் உலை எண்ணெய், எத்தனை டன் நிலக்கரி ஓர் உலையிலிருந்து நீங்கியது என்பதை அளந்து கொடுக்கலாம். அதோடு மூன்று நிபந்தனைகள் வேண்டும். கார்பன் மோனாக்சைடு மணமற்ற, உயிர்பறிக்கும் வாயு. காற்றோட்டமும் எச்சரிக்கைக் கருவியும் இல்லாத கூடத்துக்கு அனுமதி கூடாது. தார் கலந்த கழுவுநீர் ஊர்ச் சாக்கடையைத் தொடக் கூடாது. மிஞ்சும் கரியைச் சோதித்த பிறகே நிலத்தில் இட வேண்டும். தார்ச் சேர்மங்கள் தங்கிய கரியை உரமென்று விற்பது விவசாயியை ஏமாற்றுவது. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவைத் திட்ட மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிய பிறகும் டீசலைவிட மலிவாக நிற்கும் உலை எதுவோ, அதற்குத்தான் பட்டையும் தூளும் போக வேண்டும்.